பார்சல் வேண்டாம், அங்கேயே சாப்பிடலாம்

மதுரையிலிருந்து தென்காசி போகிற பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றால், கண்டக்டர் விசிலடிப்பதற்குள் நாலைந்து பேர் பால்கோவா டப்பாக்களோடு ஓடிவந்து ஏறுவார்கள். டப்பா சென்னைக்கோ கோவைக்கோ போய்ச் சேரும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் இருந்து இறுகியபின் அலுவலகத்தில் ஆளுக்கொரு ஸ்பூன் விநியோகமாகும். அந்த ஊரைப் பற்றிப் பலருக்கு உள்ள அனுபவம் இவ்வளவுதான்.

சாப்பாட்டுக்காகவே ஊர் ஊராகப் போவது வெளிநாட்டில் தனிச் சுற்றுலாவாகவே வளர்ந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஓபன் நகரம் தன்னைக் கடலுணவுத் தலைநகர் என்றே அழைத்துக்கொள்கிறது. படகுத்துறையில் நின்றபடியே சிப்பியும் நண்டும் சாப்பிட்டுவிட்டுத் தீவுகளுக்குக் கப்பலேறுவார்கள். கிழக்குக் கரையில் ஆர்ப்ரோத் என்றொரு சிறு துறைமுகம். அங்கே ஹாடாக் மீனின் தலையையும் குடலையும் நீக்கி, உப்பிட்டு, இரண்டிரண்டாக வாலில் கட்டி, விறகு நெருப்பின் மேல் தொங்கவிட்டு, ஈரச் சாக்கால் மூடிப் புகையில் வேகவைக்கிறார்கள். அதற்குப் பெயர் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி. 2004-இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. ஊரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம். இறக்கிய சூட்டோடு பிட்டுத் தின்பதற்கென்றே ஆட்கள் தேடிப் போகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. ஆனால் ஆர்ப்ரோத்துக்குப் புகை எதற்குத் தேவைப்பட்டதோ, அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விறகடுப்பு தேவைப்பட்டது. பிடித்த மீனும் கறந்த பாலும் மறுநாள்வரை தாங்காது. மீனை அவர்கள் புகையில் போட்டார்கள், பாலை இவர்கள் சுண்டக் காய்ச்சினார்கள்.

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். அகன்ற இருப்புச் சட்டியில் பாலை ஊற்றி, சர்க்கரை சேர்த்து, அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை விரட்டுவதுதான் வேலை. சொல்வதற்கு எளிது. அடுப்பின் அனலில் நின்றுகொண்டு அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை சற்று ஓய்ந்தால் தீய்ந்த வாடை வந்துவிடும். பால் வற்ற வற்ற வெண்மை மங்கி, லேசான பழுப்பேறி, மணல் மணலாகத் திரளும். அந்தப் பதத்தில் இறக்கியதை வெதுவெதுப்பாக வாயில் போட்டுப் பார்த்தவர்களுக்கு டப்பாவில் இருப்பது அதன் தூரத்து உறவு என்பது தெரியும். மாவோ நிறமோ சேர்க்காத சரக்கு வெளியில் வைத்தால் சில நாள்தான் நிற்கும். மாதக்கணக்கில் கெடாது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்து என்ன? தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலைக் கடையிலும் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிய டப்பா தொங்குகிறது. ஊருக்குள்ளேயும் அடுப்பு பெரும்பாலும் கடைக்குப் பின்னால் மறைந்தே இருக்கிறது. வாங்க வருகிறவர் கண்ணில் படுவது எடைத்தராசும் அட்டைப்பெட்டியும்தான். அந்த அடுப்பை முன்னால் கொண்டுவந்து, நாலு பெஞ்சு போட்டு, இலையில் சூடாக வைத்துக் கொடுத்தால் கூட்டம் தானாக நிற்கும்.

பாலோடு இந்த ஊருக்குள்ள பந்தம் கடைகளோடு தொடங்கியதில்லை. ஆண்டாள் திருப்பாவையில் ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகப் பாவித்தாள் என்பது வைணவ மரபு. அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு அண்டா வெண்ணெயும் நூறு அண்டா அக்காரவடிசிலும் படைப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள் என்றும், பின்னால் வந்த இராமானுசர் அதை நிறைவேற்றினார் என்றும் சொல்வார்கள். மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லியன்று வைணவக் கோயில்களில் நெய் வழியும் அக்காரவடிசில் கிடைக்கும்.

தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். வெளியூர்க்காரர்களுக்கு அது நாய்க்கும் நூற்பாலைக்கும் பேர்போன ஊர். உள்ளூர்க்காரர்களோ சித்திரை பிறந்தால் மாம்பழப் பேச்சைத்தான் எடுப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் நெடுகத் தோப்புகள். இங்கே பேர்பெற்ற ரகம் சப்பட்டை. பெயருக்கேற்பத் தட்டையான பழம். பங்கனப்பள்ளி போலச் சென்னைக் கடைகளில் குவிந்து கிடப்பதில்லை என்பதால் சீசனில் இங்கே வந்துதான் தின்ன வேண்டும்.

மீன் இல்லாத ஊர்களா இவை? இல்லவே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிரம்பினால், தண்ணீர் வற்றும் கோடை வரை மீன் உண்டு. குத்தகைக்காரர்கள் விட்டு வளர்க்கும் கட்லாவும் ரோகும் ஒரு பக்கம் இருக்கட்டும், ருசி தெரிந்தவர்கள் தேடுவது விராலும் கெளுத்தியும் அயிரையும். விரல் நீளம்கூட இல்லாத அயிரையை உயிரோடு வாங்கிவந்து பாலில் விடுவார்கள். வயிற்றிலிருக்கும் சேற்றை அது கக்கிவிடும். பிறகுதான் புளி கரைத்த குழம்பில் போடுவது. மதுரைப் பக்கத்து ஓட்டல்களில் அயிரைமீன் குழம்பின் விலையைக் கேட்டால் வஞ்சிரமே பரவாயில்லை என்று தோன்றும்.

கடல்மீன் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. ஐஸ் இல்லாத காலத்தில் அது கருவாடாக வந்தது. கம்மங்கூழுக்கு நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொண்ட கரிசல்காட்டுக்காரர் எவரும் ஸ்மோக்கியைப் பார்த்து அசந்துவிட மாட்டார்.

கொஞ்சம் சுற்றினால் பட்டியல் இன்னும் நீளும். சாத்தூரில் பூண்டும் மிளகாயும் மணக்கும் காராச்சேவு, விருதுநகரில் எண்ணெயில் பொரித்து மொறுமொறுவென்று எடுத்துச் சால்னாவில் ஊறப்போடும் பரோட்டா, 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கடைசியில் கடற்கரையைத் தொட்டால் முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்ந்த தூத்துக்குடி மக்ரூன். இரண்டு நாள் போதும், வயிறு ஒத்துழைத்தால்.

போகிறவர்கள் காலத்தைப் பார்த்துப் போக வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் திருவிழாக் கூட்டத்தில் திணறும், சாவகாசமாக ருசிக்க அந்த நாள் சரிப்படாது. கூடாரவல்லிக்கு வந்தால் மாம்பழம் இருக்காது. வைகாசிதான் வசதி: தோப்புகளில் பழம் இருக்கும், கண்மாயில் தண்ணீர் மிச்சமிருந்தால் மீனும் இருக்கும், கோவா எப்போதும் இருக்கும். சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டில் எதில் வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவது நல்லது. அன்றைய பால் அடுப்பேறியிருக்கும்.