ஆள் தூங்குறார், பிரஷர் மட்டும் ஏன் ஏறுது?

ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுத்த பிறகு, நாக்கின் அடிப்பகுதியை லாரிங்கோஸ்கோப்பால் தூக்கி, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் செருகுவார்கள். ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் மானிட்டரில் நாடித்துடிப்பும் பிரஷரும் சட்டென்று ஏறும். தூங்குறவருக்கு எப்படி வலிக்கும்? இந்தக் கேள்விதான் என்னை இதுக்குள்ள இழுத்துவிட்டது.

வலியை உணர்வது வேற, உடம்பு பதறுவது வேற. 1904-ல் உட்வர்த்தும் ஷெரிங்டனும் பெருமூளை நீக்கிய பூனைகளின் நரம்புகளைத் தூண்டினார்கள். உணர்வதற்கு மூளையின் மேல்பகுதியே இல்லை. இருந்தும் பூனை தலையைத் திருப்பிக் கத்தியது. (படிக்கக் கொஞ்சம் கொடூரமாத்தான் இருக்கு.)

பிரஷரும் இதே மாதிரி கீழ்மட்டத்திலேயே முடிவாகிற சமாச்சாரம். கைகால் நரம்பைத் தூண்டினால் மெல்லிய இழைகள் வழியாகச் சேதி முதுகுத்தண்டுக்குப் போய், அங்கிருந்து முகுளத்துக்கு ஏறும். தொண்டை நரம்புகளோ நேராக மூளைத்தண்டுக்கே போகும். அங்கிருந்து பரிவு நரம்புகளுக்கு உத்தரவு. ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும்.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள் கை வைப்பது இந்தப் பாதையில்தான். நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கும். சேதி கடத்தும் வேதிப்பொருள் குறைவாக வெளியேறும். சேதி வாங்கும் செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றி அதையும் மந்தமாக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆதாரம் இது: மயக்கத்தில் உள்ள விலங்கின் கால் நரம்பைத் தூண்டினால் பரிவு நரம்பில் இரண்டு அலைகள் வரும். ஒன்று வேகமான ஏ இழைகளால், மற்றொன்று மெதுவான சி இழைகளால். மார்ஃபின் சி அலையை அமுக்கும், ஏ அலையைப் பெரும்பாலும் தொடாது. நலாக்ஸோன் கொடுத்தால் அமுங்கிய அலை திரும்பி வரும். அதாவது ரத்தக்குழாயை வெறுமனே தளர்த்திவிட்டுப் போகிற வேலையில்லை இது.

ஆபரேஷன் டேபிளில் சிக்கல் நேரக்கணக்கில்தான். ஃபென்டனில் முழுசாக வேலை செய்யச் சில நிமிஷம் ஆகும். ட்யூப் போடும்போதே ஊசி போட்டால் லேட். இதயக் குழாயில் அடைப்போ மூளை ரத்தக்குழாயில் வீக்கமோ இருப்பவருக்கு அந்த ஒரு நிமிஷ ஏற்றமே ஆபத்து. சரி, தாராளமாகக் கொடுத்துடலாமே? ட்யூப் போட்டதும் தூண்டல் ஓய்ந்துவிடும், மருந்து ஓயாது. ரத்தம் இழந்தவர், வயசானவர் என்றால் பிரஷரைத் தாங்கிப் பிடிப்பதே அந்தப் பரிவு நரம்புதான். அதையும் அடக்கிவிட்டால் கத்தி வைக்கும் முன்பே பிரஷர் சரிந்துவிடும்.