பத்தரை சென்ட் ஆடுகளம்

கோவை பீளமேட்டில் சர்வஜன உயர்நிலைப்பள்ளி 1924இல் தொடங்கியது. எல்லா மக்களுக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. 1926இல் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஒரு பங்கை அறக்கட்டளைக்கு ஒதுக்கினர். பள்ளி அதன் நிழலில் வளர்ந்தது. இன்று மேல்நிலைப்பள்ளி, கூடைப்பந்தில் பேர் பெற்ற பள்ளி.

நகரப் பள்ளிக்குக் கூடைப்பந்து ஏன் பொருந்துகிறது? நான் கணக்கு ஆசிரியர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஓரத்தை விட்டால் 420 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழப் பத்தரை சென்ட். முழு அளவுக் கால்பந்துக் களத்துக்கோ ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். இந்த விளையாட்டே இடநெருக்கடியில் பிறந்ததுதான். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர், பனிக்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் ஆடவைக்க, இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டினார்.

இடம் மட்டும் போதாது, பாடவேளையும் வேண்டும். பத்தாம் வகுப்புத் திருப்புதலுக்கென்று உடற்கல்விப் பாடவேளையைப் பல ஆண்டுகள் கேட்டு வாங்கியவன் நான். இந்த ஆண்டு கேட்கவில்லை. அளவுநாடாவோடு நானும் களத்துக்குப் போனேன். மூன்று புள்ளிக் கோட்டின் ஆரம் 6.75 மீட்டர், வட்டவில்லை மாணவர்களே சுண்ணாம்பில் வரைந்தார்கள்.