வயலில் ஒரு மணி நேரம்... களத்தில் எத்தனை நாள்? நெல்லையும் வைக்கோலையும் நகர்த்தும் இயந்திரங்கள்

அறுவடை சமயத்தில் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் போனால் அடிக்கடி காதில் விழும் கேள்வி, “மிஷின் எப்போ வரும்?” என்பதுதான். ஆட்களை வைத்து ஒரு ஏக்கர் நெல்லை அறுத்து, கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து அடிக்க நாள் கணக்கில் ஆகும். இயந்திரம் அதை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆனால், அதே நெல் களத்தில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கிறது. ஏன் இப்படி?

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மிஷின் தேவைப்படுவது ஏன்?

பெரியாறு - வைகைப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். தண்ணீர் திறக்கும் தேதியை ஒட்டியே எல்லோரும் நாற்றுவிடுவதால், கதிரும் ஏறக்குறைய ஒன்றாகவே முற்றுகிறது. வெளியூர் வண்டிகளை நம்பித்தான் பலரும் இருக்கிறார்கள். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு ‘உழவன்’ செயலியில் பதிவு செய்யலாம்.

வண்டிக்குள் நெல் எப்படிப் பயணிக்கிறது?

முன்பக்கக் கத்தி கதிரை அறுக்கிறது. சங்கிலியில் கோத்த பட்டைகள் அதை உள்ளே இழுத்துச் செல்ல, சுழலும் உருளை மணியை உதிர்க்கிறது. சல்லடையும் காற்றாடியும் பதரைப் பிரிக்கின்றன. மணி மேலே இருக்கும் தொட்டிக்குப் போகிறது. தொட்டி நிறைந்ததும், பக்கவாட்டில் நீளும் குழாய் வழியாக டிராக்டர் டிரெய்லரில் கொட்டுகிறது. அந்தக் குழாய்க்குள் திருகாணி போன்ற ஒரு தண்டு சுழல்கிறது. அதன் பெயர் ஆகர். பழங்காலத்தில் தண்ணீர் இறைத்த ஆர்க்கிமிடீஸ் திருகும் இதே தத்துவம்தான்.

ஆகரின் விளிம்பு தேய்ந்திருந்தாலோ, தேவைக்கு மேல் வேகமாகச் சுழன்றாலோ மணி உடையும். முதல் தொட்டி கொட்டியதும் ஒரு கை நெல்லை அள்ளிப் பாருங்க. உடைந்த மணியும் பதரும் அதிகமாக இருந்தால், அப்போதே டிரைவரிடம் சொல்லி வேகத்தையும் காற்றையும் சரிசெய்யச் சொல்லுங்க. டிரெய்லரின் பின்கதவு இடுக்கில் சாக்கு அடைத்தால் வழியில் நெல் சிந்தாது.

ஈரம் காயாத வயல் என்றால் பெல்ட் வண்டிதான் சரி. டயர் வண்டி புதையும். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும், வாடகையும் குறைவு.

களத்தில் தேங்குவது ஏன்?

அறுத்த நெல்லில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்தைத் தாண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழைக்காலங்களில் மத்திய அரசு சில ஆண்டுகள் தளர்வு தந்திருக்கிறது என்றாலும், அதை நம்பி அறுக்க முடியாது. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 94 கிலோதான் மிஞ்சும். குறைந்த 6 கிலோவும் தண்ணீர்தான்.

காய்ந்த பிறகு நெல்லைத் தூற்றி, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, தைத்து, லாரியில் ஏற்ற வேண்டும். ஒரு டன்னுக்கு 25 மூட்டை. வயலில் ஆகர் சில நிமிடங்களில் கொட்டியதை இங்கே ஆட்கள் தோளில்தான் சுமக்கிறார்கள். வண்டி வேகமாகிவிட்டது, களம் வேகமாகவில்லை. நெரிசல் இங்கேதான் பிறக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் பணம் கேட்கும் புகாரும் ஆண்டுதோறும் எழுகிறது. சுமை தூக்குவோருக்கான கூலியை நுகர்பொருள் வாணிபக் கழகமே தருகிறது. விவசாயி தர வேண்டியதில்லை.

வைக்கோல் என்ன ஆகிறது?

இயந்திரம் வைக்கோலை வரிசையாகப் பின்னால் விட்டுச் செல்கிறது. டிராக்டரில் இணைத்த பேலர் அதை அள்ளி, உருட்டி, கயிறு சுற்றிக் கட்டாக வெளியே தள்ளுகிறது. முன்பு படப்பு போட ஆளும் இடமும் வேண்டும். இப்போது கட்டுகளைக் கேரளம் வரைகூட லாரியில் அனுப்ப முடிகிறது. “கட்டு என்ன ரேட்டு?” என்று மட்டும் கேட்டு வாங்காதீங்க. கட்டின் எடை பேலருக்குப் பேலர் மாறும். இரண்டு மூன்று கட்டை எடை போட்டு, கிலோவுக்கு என்ன விலை என்று கணக்குப் பாருங்க. ஈரமாகக் கட்டிய வைக்கோல் உள்ளே பூஞ்சை பிடிக்கும், மாட்டுக்கு ஆகாது.

எதில் ஆபத்து?

டிராக்டரில் இருந்து பேலருக்குச் சக்தி தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 9 சுற்று. துண்டோ சேலை முந்தானையோ சிக்கினால் சுதாரிக்க நேரமே கிடைக்காது. மூடி இல்லாத தண்டின் பக்கம் போகக் கூடாது. நெல்லோ கயிறோ அடைத்துக்கொண்டால், இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்த பிறகே கை வைக்கணும். வைக்கோல் லோடு உயரமாக இருந்தால் தாழ்வான மின்கம்பியில் உரசித் தீப்பிடிக்கும். போகும் பாதையை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

அறுவடைக்குத் திட்டமிடும்போது பலரும் முதலில் தேடுவது மிஷினைத்தான். அந்த வரிசையை மாற்றிப் பாருங்க. முதலில் களத்தில் இடம், அடுத்து தார்ப்பாய், பிறகு கொள்முதல் நிலையத்தில் எப்போது இடம் கிடைக்கும் என்ற விவரம். இவை கைக்கு வந்த பிறகு மிஷினுக்குச் சொன்னால், அறுத்த நெல் மழையில் நனையும் வாய்ப்பு குறையும்.