கம்ப்யூட்டரில் இரண்டு வாசல்

காலையில் கடை திறந்து, சாமிக்கு ஊதுபத்தி காட்டி, கம்ப்யூட்டரைப் போட்டால், பில் போடும் பக்கம் வருவதற்கு முன் ஒரு நீலத் திரை வந்து எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்பதை நம் சங்க அன்பர்கள் சிலர் தங்கள் கடையிலும் பார்த்திருப்பீர்கள். யாரும் எதையும் தொடாவிட்டால் 30 விநாடி பொறுத்து அதுவே ஒன்றைத் திறந்துகொள்ளும். நாமும் ஒன்றரை வருடம் அதைப் பொருட்படுத்தவில்லை. 2023 தீபாவளிக்கு முந்தின வாரம் அதற்கு விலை கொடுத்தோம்.

நமது கடை ரங்கே கவுடர் வீதியில் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். 2022 ஏப்ரலில் மிஷின் ரொம்ப மெதுவாக ஓடுகிறதென்று பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவர் எஸ்.எஸ்.டி. என்கிற புது டிஸ்கைப் பொருத்தி, அதில் விண்டோஸ் 10ஐப் புதிதாக ஏற்றி, கணக்கையும் அதற்கு மாற்றிக் கொடுத்தார். வேலை சுத்தம்தான். ஆனால் பழைய டிஸ்கையும் அதிலிருந்த பழைய விண்டோஸையும் அப்படியே உள்ளே விட்டுவிட்டார். அன்று முதல் திரையில் இரண்டு பெயர். இரண்டுமே விண்டோஸ் 10.

அந்த வாரம் கணக்கு எழுதும் பெண் லீவு. கடைப் பையன் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு, "ஏனுங்க முதலாளி, இதுல எதைத் தொடறதுங்க?" என்றான். லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரம். "ரெண்டும் ஒண்ணுதான், எதையாச்சும் தொடு போ" என்று சொன்னது நாம்தான். அவன் இரண்டாவதைத் தொட்டான்.

திறந்தது பழைய விண்டோஸ். அதே கணக்கு சாப்ட்வேர், அதே கடைப் பெயர். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சாயங்காலத்துக்குள் 58 பில் போட்டாயிற்று. இரவு எட்டு மணிக்கு அன்னூரிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். "ஏனுங்க, எப்பவோ கட்டி முடிச்ச பணத்தை மறுபடியும் பாக்கின்னு போட்டிருக்கீங்களே, எங்க மேல நம்பிக்கை போயிருச்சுங்களா?" என்றார். இருபது வருடப் பழக்கம் உள்ளவர். நமக்குப் பேச்சு வரவில்லை.

நடந்தது இதுதான். பழைய டிஸ்கில் கணக்கு 2022 மார்ச்சோடு நின்றிருந்தது. அதனால் பில்லின் அடியில் அந்தக் காலத்துப் பாக்கி அச்சாகிவிட்டது. புது நிதியாண்டு என்பதால் பில் நம்பரும் 1லிருந்து தொடங்கி 58ல் நின்றது. அந்த 58 நம்பரும் ஏப்ரலிலேயே வேறு ஆட்களுக்குப் போட்டு ஜி.எஸ்.டி. தாக்கலும் ஆனவை. ஒரு நிதியாண்டில் ஒரு பில் நம்பர் இரண்டு முறை வரக்கூடாது என்பது சட்ட விதி. மறுநாள் எல்லாருக்கும் போன் செய்து, பழைய பில்லைத் திரும்ப வாங்கி, சரியான கணக்கில் புது நம்பர் போட்டுக் கொடுத்து முடிக்க இரவு பதினொரு மணி. பையனைத் திட்டியது தப்பு என்பதையும் அப்போதுதான் உணர்ந்தோம்.

இனி அந்த வேண்டாத பெயரை எடுக்கும் விதம். முதலில் அந்தப் பழைய விண்டோஸைத் திறந்து, அதிலுள்ள கணக்கு முழுவதையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு தினசரி வேலை செய்யும் விண்டோஸுக்குத் திரும்பி, கீழே உள்ள தேடும் கட்டத்தில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டவும். வருகிற பெட்டியில் 'பூட்' என்ற பக்கத்தில் இரண்டு பெயரும் இருக்கும். இப்போது ஓடுவது எதுவோ அதன் பக்கத்தில் 'கரண்ட் ஓ.எஸ்.' என்று குறித்திருக்கும். அதை விட்டு மற்றதைத் தேர்ந்து 'டெலிட்' கொடுத்து, ஓகே சொல்லி, மிஷினை ஒரு முறை நிறுத்திப் போட்டால் தீர்ந்தது. எடுக்கத் தயக்கமாக இருந்தால், நமக்கு வேண்டியதை 'டீஃபால்ட்' ஆக்கி, அதே பக்கத்தில் உள்ள 30 விநாடியை 3 வரை குறைத்துக்கொள்ளலாம்.

இப்படி எடுப்பதால் பெயர் மட்டும்தான் போகும். போர்டைக் கழற்றினால் குடோனில் உள்ள சரக்கு காலியாகாதல்லவா, அதுபோலப் பழைய டிஸ்கில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கும், இடமும் மிச்சமாகாது.

அதற்காகப் பழைய டிஸ்கை உடனே கழற்றிவிடவும் வேண்டாம். மிஷினைத் தொடங்கி வைக்கும் சிறு பகுதி பல சமயம் பழைய டிஸ்கிலேயே தங்கியிருக்கும். கழற்றினால் புதுசும் எழுந்திருக்காது. அந்தப் பகுதியைப் புது டிஸ்குக்கு மாற்றச் சொல்லி, பிறகு கழற்றச் சொல்லுங்கள். இதை ஆளை வைத்துச் செய்வதே நல்லது.

அரசு கொடுத்த மடிக்கணினி விஷயம் வேறு. 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. நம் பிள்ளைகள் பலர் அதுதான் இடத்தை அடைக்கிறதென்று லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தார்கள். மறுநாள் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று நின்றுவிட்டது. இரண்டையும் காட்டும் பட்டியலே லினக்ஸுக்குள் இருப்பதால் வந்த வினை. விண்டோஸ் சி.டி.யைப் போட்டு விண்டோஸின் சொந்தத் தொடக்கத்தை முதலில் திரும்ப அமைத்துவிட்டு, அதன் பின்தான் லினக்ஸைத் தொட வேண்டும். நம்மைக் கேட்டால், தமிழில் எழுத வசதியுள்ள அதை ஏன் எடுக்க வேண்டும் என்போம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால், புது டிஸ்க் போட்டு விண்டோஸ் 11 ஏற்றுகிற வேலை நம் கடைகளில் நடந்துகொண்டிருக்கிறது. மேலேயே ஏற்றினால் பெயர் ஒன்றுதான் இருக்கும். தனி டிஸ்கில் புதிதாக ஏற்றினால் மறுபடி இரண்டு வந்து நிற்கும். கூலி கொடுக்குமுன் ஒரு முறை மிஷினை நிறுத்திப் போடச் சொல்லிப் பாருங்கள்.

நம் பழைய டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி. கணக்கை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2021-22க்குக் கெடு 2022 டிசம்பர் 31. ஆக, 2028 டிசம்பர் வரை அது நம்மிடம்தான் இருக்கும். மேலே தேதி எழுதி ஒட்டியது அந்தப் பையன்தான்.