கடித்த இடமும் கடந்த நேரமும்

தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் குற்றாலத்தின் பேரருவியிலும் ஐந்தருவியிலும் மக்கள் திரள்கின்றனர். தேனடைகளால் பெயர்பெற்ற தேனருவியைக் கொண்ட இம்மலையில் மலைத்தேனீயும், கடந்தை எனப்படும் பெருங்குளவியும், புதர்களில் உண்ணியும் வாழ்கின்றன. பூச்சிக்கடிகளில் பெரும்பாலானவை தாமே ஆறிவிடுபவை என்பதால், ஆபத்தானவற்றைப் பிரித்தறிய, விளைவு உடலின் எப்பகுதியில், எவ்வளவு நேரத்தில் தோன்றுகிறது என்பதைக் கவனிப்பதே முதற்படியாகும்.

கொட்டிய இடத்தில் மட்டும் சிவந்து தடித்து அரிப்பெடுப்பது இயல்பான விளைவு. தேனீயின் கொடுக்கு முட்களுடையதாதலால், நச்சுப்பையோடு தோலிலேயே தங்கி மேலும் சில விநாடிகள் நஞ்சைச் செலுத்துகிறது. அதை எந்த முறையிலாவது உடனே அகற்றி, சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றடமிட்டால் போதும். வழக்கமாகத் தடவப்படும் சுண்ணாம்பு, உள்ளே இறங்கிய நஞ்சை முறிப்பதில்லை என்பதோடு தோலைப் புண்ணாக்கவும் கூடும்.

கொட்டிய இடத்துக்கு அப்பால், உடலெங்கும் காணாக்கடி போன்ற தடிப்பு எழுந்து, உதடும் நாக்கும் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இரைந்து, வாந்தியோ மயக்கமோ சில நிமிடங்களில் தோன்றுமாயின், அது அனாபிலாக்சிஸ் எனப்படும் தீவிர ஒவ்வாமையாகும். முன்னரே நஞ்சுக்குப் பழகிய எதிர்ப்பொருள்கள் மாஸ்ட் செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒருசேர வெளியிடுவதால் இரத்த அழுத்தம் சரிகிறது. இந்நிகழ்வை ஆராய்ந்த சார்லஸ் ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். இதற்குரிய மருந்து, தொடைத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே. ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நோயாளியை நடக்கவிடாமல் கால்களை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவைக்கலாம். அறிகுறிகள் தணிந்தபின் மீண்டும் எழக்கூடுமாதலால் மருத்துவமனையில் சில மணி நேரக் கண்காணிப்பு தேவை.

கூட்டமாகத் தாக்கும் தேனீயோ கடந்தையோ பல இடங்களில் கொட்டியிருந்தால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் நஞ்சின் அளவே தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சிறுநீர் குறைவதும் கருத்து வருவதும் அதன் அடையாளங்கள்.

எல்லாவற்றினும் எளிதில் தவறவிடப்படுவது உண்ணிக் காய்ச்சல் என்னும் ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணியின் இளம்புழு வலியின்றிக் கடித்து, ஓரியன்ஷியா என்னும் பாக்டீரியாவை உட்செலுத்துகிறது. ஏறத்தாழ 10 நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும்போது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு சிலரிடம் காணப்படும். டாக்சிசைக்ளின் மருந்துக்கு இந்நோய் விரைவில் கட்டுப்படும். சுற்றுலா வந்தவர் அதற்குள் சொந்த ஊர் திரும்பியிருப்பார் என்பதால், காய்ச்சலுக்காக மருத்துவரிடம் செல்லும்போது குற்றாலம் சென்றுவந்ததையும் சேர்த்துச் சொல்வது, நோயை அறிய உதவும் முதன்மையான தகவலாகிறது.