பனிச் சாலைக்கு எந்த டயர்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு சட்டம் உண்டு. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே ஓடும் உள்ளூர்க் கார்கள் எல்லாவற்றிலும் குளிர்கால டயர் மாட்டியிருக்க வேண்டும். தவறினால் அபராதம். நவம்பர் வந்தாலே மொன்ட்ரியால் நகரத்து டயர் கடைகளில் கார்கள் வரிசை கட்டி நிற்கும்.

ஓடுகிற டயரை எதற்காகக் கழற்றி மாற்ற வேண்டும், செல்லங்களே?

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டுக்கூட விழாது. ரப்பர் அப்படி உறைவதில்லை, ஆனால் குளிரக் குளிர விறைத்துக்கொண்டே போகும். தார்ச்சாலையில் பொடிப்பொடியாக மேடு பள்ளங்கள் உண்டு. மெத்தென்ற ரப்பர் அவற்றுக்குள் அமுங்கிச் சாலையைப் பிடித்துக்கொள்ளும். விறைத்த ரப்பர் மேலோடு வழுக்கிவிடும். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் பிடி தளரத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. கடுங்குளிரிலும் அது நெகிழ்வாக இருக்கும். பின்லாந்தில் 1934-ஆம் ஆண்டிலேயே லாரிகளுக்கென்று குளிர்கால டயரைச் செய்தார்கள்.

குளிர்கால டயரைத் தொட்டுப் பார்த்தால் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கவ்வும். பெரிய பள்ளங்களில் பனி போய் அடைத்துக்கொள்ளும். அது கெடுதல் என்றா நினைக்கிறீர்கள்? பனியோடு பனி நன்றாக ஒட்டும், அதனால்தான் பனியை உருண்டை பிடிக்க முடிகிறது. டயரில் அடைந்த பனி, சாலையில் கிடக்கும் பனியைப் பிடித்துக்கொள்கிறது!

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அளவுக் கணக்கு. ஒரு காரின் டயரில் 225/45 ஆர் 17 என்று எழுதியிருக்கிறது. அகலம் 225 மில்லிமீட்டர். டயரின் பக்கச் சுவர் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101.25. நடுவில் இருக்கும் ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு சுவர்களைச் சேர்த்தால் சக்கரத்தின் முழு உயரம் 634.3 மில்லிமீட்டர்.

குளிர்காலத்துக்கு அதே காரில் 195/65 ஆர் 15 மாட்டலாமா? நீங்களே கணக்குப் போடுங்கள். 634.5 வரும்! வித்தியாசம் வெறும் 0.2 மில்லிமீட்டர். வேகமானி, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் காட்டுகிறது. முழு உயரம் மாறாததால் அதுவும் தப்பாகக் காட்டாது.

டயர் மெலிந்ததில் என்ன லாபம்? அகலமான டயர் தனக்கு முன்னால் நிறையப் பனியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மெலிந்த டயர் கத்திபோல் வகிர்ந்துகொண்டு இறங்கும். உயரமான ரப்பர் சுவர், பனிக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழிகளின் அடியையும் தாங்கும். ஆனால் ரிம்மை இஷ்டத்துக்குச் சின்னதாக்க முடியாது. உள்ளே இருக்கும் பிரேக்கில் இடிக்கும். அதனால் கார் நிறுவனம் அனுமதித்த அளவுகளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, நான்கு சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்னால் மட்டும் மாற்றினால் திருப்பத்தில் முன்பக்கம் சாலையைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போய்க் கார் அப்படியே சுழன்றுவிடும்.

உங்கள் தெருவில் நிற்கும் கார் டயரிலும் இந்த எண்கள் இருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு போய் முழு உயரத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர்.