இரும்பு மலை கண்ட பிரமதநாத் போஸ்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைக் காணாத அங்கத்தினர் நம் மாவட்டத்தில் அரியர். ஆனால் அம்மணலின் மதிப்பை உலகம் அறிந்த விதம் பலருக்குத் தெரியாது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரோடு ஒட்டிச் சென்ற மணலில் மானசைட் என்னும் கனிப்பொருள் கலந்திருப்பதை 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் கண்டார். அக்காலத்தில் எரிவாயு விளக்கின் மாண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்து கிடைத்தது. மறு ஆண்டே அவர் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை அமைத்தார். முதல் உலகப் போர் மூண்டபின் அது லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறிற்று. நாரைத் திரித்தவர் நம்மவர். அதில் ஒட்டிய பொருளின் விலையை அறிந்தவர் அயலார். நிலத்தின் செல்வம் யாருக்குப் பயன்படும் என்பதை, அதை முதலில் அறிபவர் யார், அறிந்ததை அவர் யாரிடம் சொல்கிறார் என்ற இரண்டுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

இதற்கு ஐந்தாண்டுகட்கு முன்பே வடநாட்டில் ஓர் இந்தியப் பூகர்ப்ப நிபுணர் தாம் அறிந்ததைத் தம் நாட்டவர் ஒருவருக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். அவர் பெயர் பிரமதநாத் போஸ்.

வங்காளத்தில் கைபூர் என்னும் கிராமத்தில் 1855ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி பிறந்த போஸ், கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று 1874இல் லண்டன் சென்றார். 1878இல் லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அரசாங்கச் சுரங்கக் கல்லூரியிலும் பயின்றார். படிப்போடு நிற்காமல் இந்தியாவின் குறைகளை அங்குள்ள மேடைகளில் எடுத்துரைத்தார். இந்த இளைஞரை லண்டனிலிருந்து அகற்றினால் போதும் என்று கருதியே அதிகாரிகள் அவருக்கு இந்தியாவில் உத்தியோகம் கொடுத்தனர் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். எவ்வாறாயினும், 1880ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார். அந்த இலாகாவில் அதிகாரி நிலையில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

அவ்வேலை மேசையடியில் நடப்பதன்று. நருமதைப் பள்ளத்தாக்கு, மத்திய மாகாணத்துக் காடுகள், அஸ்ஸாம், சிக்கிம், பர்மா எனப் பல பிரதேசங்களில் கூடாரமடித்துத் தங்கிப் பாறையை உடைத்துப் பார்த்து அறிக்கை எழுதினார். இன்று சத்தீஸ்கரில் உள்ள ராஜ்ஹரா மலைகளின் இரும்புத் தாதுவைப் பற்றி அவர் 1887இல் எழுதினார். அப்பக்கத்து வனவாசிகள் தலைமுறை தலைமுறையாகக் களிமண் உலையும் தோல் துருத்தியும் கொண்டு இரும்பு உருக்கி வந்தனர். நல்ல தாது எங்கே உண்டென்று அவர்களுக்கு முன்னரே தெரியும். பூகர்ப்ப நிபுணர் அதை அளந்து வரைபடத்தில் குறித்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஊழியம் செய்தபின் 1903இல் இலாகாவின் தலைமைப் பதவி காலியாயிற்று. அது தாமஸ் ஹாலண்டுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் போஸுக்குப் பத்தாண்டு பின்னால் சேர்ந்தவர். ஹாலண்டு சிறியவர் அல்லர். நம் மாவட்டத்து மலைகளிலும் காணும் சார்னகைட் பாறைக்குப் பெயரிட்டவர் அவரே. ஆயினும் தகுதியும் அனுபவமும் உள்ள ஓர் இந்தியரைத் தாண்டி இளையவரை அமர்த்தியது நியாயமாகாது. போஸ் அப்பதவியின் கீழ் இருக்க இசையாது வேலையை விட்டார்.

மயூர்பஞ்ச் சமஸ்தானத்து மகாராஜா அவரைத் தம் நாட்டின் கனிவளத்தை ஆராய அழைத்தார். அங்கே கோருமஹிஸானி என்ற மலையில் மிகச் சிறந்த இரும்புத் தாது பெருவாரியாக இருப்பதைப் போஸ் கண்டார். அச்சமயம் ஜம்ஷெட்ஜி டாட்டா இரும்பாலை நிறுவ இடம் தேடிக்கொண்டிருந்தார். டாட்டா குழுவினர் ராஜ்ஹரா பக்கத்தையும் பார்த்திருந்தனர். தாது நன்றாக இருந்தும், தகுந்த நிலக்கரியும் நீரும் அருகில் இல்லாமையால் அது கைகூடவில்லை. 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி போஸ் டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். கோருமஹிஸானி, ஜரியா நிலக்கரி வயல்களுக்கு எட்டும் தொலைவில் உள்ளது. இரும்பாலைக்குத் தாது மட்டும் போதாது; கரியும் நீரும் சேர்ந்தமையவேண்டும் என்பதை அறிந்த கடிதம் அது. மூன்று மாதத்திற்குள் டாட்டா காலமானார். அவர் மகன் தொராப்ஜி வேலையைத் தொடர்ந்தார்.

1907இல் கம்பெனி பதிவாயிற்று. லண்டனில் மூலதனம் கிட்டாமற்போகவே, சொந்த நாட்டவரிடமே பங்கு கேட்டனர். மூன்று வாரத்தில் ஏறத்தாழ 8,000 இந்தியர் பங்கு எடுத்துத் தொகையை நிரப்பினர். வடசேரியில் ஒரு தறிக்காரரிடம் இன்னும் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு மூன்று முறை நடந்திருக்கும் நம் சங்கக் காரியதரிசிகள் இச்செய்தியை இரண்டாம் முறையும் படிப்பர் என்று நினைக்கிறேன். 1911 டிசம்பரில் சாக்சி கிராமத்தில் முதல் வார்ப்பிரும்பு வார்க்கப்பட்டது. 1919இல் அவ்வூர் ஜம்ஷெட்பூர் ஆயிற்று.

இவ்வளவோடு நின்றிருந்தால் போஸை ஒரு திறமையான உத்தியோகஸ்தர் என்று சொல்லி விட்டிருக்கலாம். அவருடைய பொதுப்பணிதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 1886இலேயே வங்காளத்தில் தொழிற்கல்வியும் விஞ்ஞானக் கல்வியும் வேண்டுமென்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். சர்க்கார் வேலையில் இருந்துகொண்டே 1891இல் கல்கத்தாவில் சுதேசித் தொழில்களை வளர்க்க மாநாடு கூட்டி, ஒரு சங்கம் அமைய முன்னின்றார். சோப்புத் தொழிற்சாலை நடத்தியும் பார்த்தார். சுதேசி இயக்கத்தின்போது 1906 ஜூலையில் தாரகநாத் பாலித் முதலியோர் வங்காளத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தை நிறுவினர். அதன் முதல் கௌரவத் தலைவராகப் பொறுப்பேற்றுப் போஸ் நடத்திக் கொடுத்தார். அந்த வித்தே வளர்ந்து 1955இல் ஜாதவ்பூர் சர்வகலாசாலையாயிற்று. அவருடைய மாமனார் ரமேஷ் சந்திர தத்தர். நம் நாட்டு நெசவு அந்நிய ஆட்சியின் தீர்வைகளால் எவ்வாறு நலிந்தது என்பதைக் கணக்கோடு எழுதி நிலைநாட்டியவர் அவர். அக்குடும்பத்தில் தறியைப் பற்றிய பேச்சு வேற்றுப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

குறையையும் சொல்லவேண்டும். கோருமஹிஸானியின் தாதுவை எடுக்க உரிமை கொடுத்தவர் மகாராஜா, கொண்டவர் கம்பெனியார். அம்மலையடியில் வாழ்ந்த சந்தால், ஹோ மக்கள் மண் சுமந்து கூலி பெற்றார்கள். அந்த 8,000 பேரின் வரிசையில் அவர்களைத் தேடிப் பயனில்லை. இக்கேள்வி நம் வாசலிலும் நிற்கிறது. மணவாளக்குறிச்சி ஆலை இன்று மத்திய சர்க்காரின் அருமண் நிறுவனத்தைச் சேர்ந்தது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் கனிமணல் எடுக்கும் திட்டத்திற்கு 2024இல் கடற்கரை மக்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். கதிர்வீச்சும் கடலரிப்பும் பற்றி அவர்கள் கேட்பவற்றிற்கு அவர்களுக்கு விளங்கும் மொழியில் பதில் வரவேண்டும். அப்பதிலைச் சொல்லக்கூடிய பூகர்ப்ப நிபுணர் அக்கிராமங்களிலிருந்தே படித்து வருவாரானால் எவ்வளவு நன்று!

போஸ் தாமே பிற்காலத்தில் இத்தகைய ஐயங்களுக்கு ஆளானார். ஆலைத் தொழிலுக்கு வழிகாட்டிய அவர், 1916இல் வெளியிட்ட ஓர் ஆங்கில நூலில், மேல்நாட்டு யந்திர நாகரிகத்தைக் கண்மூடிப் பின்பற்றும் மயக்கத்தைக் கடிந்தார். இதை முரண்பாடு என்பாரும் உளர். தொழிலின் வெப்பத்தை அருகிலிருந்து உணர்ந்தவர் சொல்வதை அவ்வளவு எளிதாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கடைசிக் காலத்தை ராஞ்சியில் கழித்து, 1934இல் அவர் மறைந்தார்.

கரியும் நீரும் அருகில் இல்லையென்று அன்று கைவிடப்பட்ட ராஜ்ஹரா மலைகளுக்கும் காலம் வந்தது. 1959 பிப்ரவரியில் பிலாய் இரும்பாலையின் முதல் ஊதுலை மூட்டப்பட்டபோது, அதற்கு வேண்டிய தாது அம்மலைகளிலிருந்தே வந்தது.